ஊருக்கெல்லாம் பூனை, வீட்டுக்கு ஒரே சம்பளம்

'தி எலக்ட்ரிகல் லைஃப் ஆஃப் லூயிஸ் வெய்ன்' என்று ஒரு படம். 2021ல் வந்தது. வில் ஷார்ப் இயக்கம். பெனடிக்ட் கம்பர்பேட்ச் நாயகன். பூனை வரைகிற ஓவியரின் கதை என்று கேள்விப்பட்டு, சரி, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஜாலியாகப் பார்க்கலாம் என்று யாராவது நினைத்தால் முதல் அரை மணி நேரம் அப்படித்தான் போகும். அப்புறம் மெதுவாகக் கனம் கூடும். எனக்குப் படம் பிடித்திருக்கிறது. ஆனால் அது எதைச் சோகம் என்று காட்டுகிறதோ, அதில் எனக்குக் கொஞ்சம் மாறுபட்ட கருத்து உண்டு. அதைச் சொல்லத்தான் இது.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம். லூயிஸ் வெய்ன் 1860ல் லண்டனில் பிறந்தவர். அப்பா துணி வியாபாரி, அம்மா பிரெஞ்சுக்காரர். பிறக்கும்போதே உதட்டுப் பிளவு. பத்து வயது வரை பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வீட்டில் ஆறு குழந்தைகள். இவர்தான் மூத்தவர், ஒரே ஆண். பின்னாலேயே ஐந்து தங்கைகள். இவருக்கு இருபது வயதாகும்போது அப்பா இறந்துபோகிறார். அவ்வளவுதான். அம்மா, ஐந்து தங்கைகள், மொத்தக் குடும்பமும் அந்த இருபது வயதுப் பையன் தலையில்.

இதற்கு மேல் நம்மவர்களுக்கு விளக்கம் தேவையா? மாதுங்காவிலும் கரோல் பாக்கிலும் ஒரே அறையில் நாலு பேராகத் தங்கி, சம்பளம் வந்த மறுநாள் தபாலாபீஸ் வரிசையில் நின்று ஊருக்கு மணியார்டர் அனுப்பிய ஒரு தலைமுறை நமக்கு உண்டு. தங்கைகள் கல்யாணம் முடிகிற வரைக்கும் தன் கல்யாணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காத அண்ணன்கள். 'அவள் ஒரு தொடர்கதை' படத்தில் பாலசந்தர் அதையே ஒரு பெண்ணின் தோளில் வைத்துக் காட்டினார். லூயிஸ் வெய்ன் விஷயத்தில் ஒரு வித்தியாசம், அந்த ஐந்து தங்கைகளுக்கும் கடைசி வரை கல்யாணம் ஆகவில்லை. அதாவது, பொறுப்பு முடிகிற நாள் என்று ஒன்று அவருக்கு வரவே இல்லை.

படத்தின் முதல் பாதி காதல் கதை. தங்கைகளுக்கு வீட்டோடு இருந்து பாடம் சொல்லித்தர எமிலி ரிச்சர்ட்ஸன் என்ற ஆசிரியை வருகிறார். லூயிஸைவிடப் பத்து வயது மூத்தவர். இருவரும் 1884ல் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். வயதும் பெரியது, அந்தஸ்தும் சின்னது என்று அந்தக் காலத்து லண்டனில் இது பெரிய அவதூறு. கிளேர் ஃபாய் எமிலியாக வருகிறார். இரண்டு கோணலான மனிதர்கள் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்வதை இத்தனை மென்மையாக அண்மையில் நான் பார்த்ததில்லை. பழைய டிவி மாதிரி சதுரமான சட்டகம், உள்ளே வாட்டர்கலர் போல வண்ணங்கள், பின்னணியில் தெரமின் என்ற வாத்தியம் இழைகிறது (கை படாமல் காற்றில் கை அசைத்து வாசிப்பது, கேட்டால் அழுகிற மாதிரியும் இருக்கும், பேய் மாதிரியும் இருக்கும்). ஒலிவியா கோல்மன் கதை சொல்லியாகக் குரல் கொடுத்திருக்கிறார். பாட்டி கதை சொல்கிற குறும்பு அந்தக் குரலில்.

கல்யாணமான கொஞ்ச நாளிலேயே எமிலிக்கு மார்பகப் புற்றுநோய். ஒரு கருப்பு வெள்ளைத் தெருப் பூனை அவர்களிடம் அடைக்கலம் வருகிறது. பீட்டர் என்று பெயர் வைக்கிறார்கள். படுக்கையில் கிடக்கும் மனைவியைச் சிரிக்க வைக்க லூயிஸ் அந்தப் பூனையை விதவிதமாக வரைகிறார். அதைப் பத்திரிகைக்குக் கொடுக்கச் சொன்னது எமிலிதான். 1886 கிறிஸ்துமஸுக்கு 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' இதழில் பூனைக்குட்டிகளின் கிறிஸ்துமஸ் விருந்து என்று ஒரு சித்திரம் வருகிறது. மொத்தம் 150 பூனைகள். ஒரே நாளில் ஊர் முழுக்கப் பேச்சு. 1887ல் எமிலி போய்விட்டார்.

இதுவரை படத்தோடு எனக்கு எந்தத் தகராறும் இல்லை. இதற்குப் பிறகு வரும் ஐம்பது வருடங்களைத்தான் படம் ஓட்டமாக ஓடிக் கடக்கிறது. மனைவியை இழந்த துக்கம், அதனால் குழம்பிப்போன மனம், அதனால் வறுமை என்று ஒரு கோடு போடுகிறது. நான் அந்தக் கோட்டைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். வறுமை முதலில் வந்தது. அது வந்தது ஒரு கையெழுத்தினால். சொல்லப்போனால் ஆயிரம் கையெழுத்தினால்.

விஷயம் இதுதான். வெய்ன் வரைந்த பூனைகள் பிறகு இரண்டு காலில் எழுந்து நின்றன, கோட்டு போட்டுக்கொண்டன, டீ குடித்தன, சீட்டாடின, மீன் பிடிக்கப் போயின. இங்கிலாந்தில் அந்தப் படம் மாட்டாத குழந்தைகள் அறையே இல்லை என்கிற அளவுக்குப் புகழ். தபால் அட்டை, காலண்டர், குழந்தைகள் புத்தகம். 1901லிருந்து அவர் பெயரிலேயே ஆண்டு மலர். வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் வரைந்து தள்ளினார். ஆனால் ஓவியத்தை விற்கும்போது மறுபதிப்பு உரிமையைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. கொடுத்த காசை வாங்கிக்கொண்டு படத்தைக் கொடுத்துவிடுவார். வாங்கியவர் அதை ஒரு தடவை அச்சடித்தாலும் ஒன்றுதான், லட்சம் தடவை அச்சடித்தாலும் ஒன்றுதான். வெய்னுக்கு வந்தது முதல் நாள் வாங்கியது மட்டும்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. ஏற்கனவே விற்ற பூனைகள் சந்தையில் திரும்பத் திரும்ப அச்சாகிக்கொண்டே இருந்தால், புதிதாக வரைகிற பூனைக்கு யார் காசு கொடுப்பார்கள்? அவருடைய போட்டியாளர் அவரேதான். நேற்றைய வெய்ன் இன்றைய வெய்னின் வயிற்றில் அடித்தார். 1907ல் நியூயார்க் போய் ஹெர்ஸ்ட் பத்திரிகைகளுக்குப் படக்கதை வரைந்தார். அங்கே சேர்த்த காசைப் புதுவிதமான எண்ணெய் விளக்கு ஒன்றில் போட்டுத் தொலைத்தார். அவர் அங்கே இருக்கும்போதே இங்கே அம்மா இறந்துபோனார். சம்பாதிக்கக் கடல் கடந்து போய், கடனோடு திரும்பி, அம்மா முகமும் பார்க்காமல். இதை ஒரு வரியில் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அடுத்த வரிக்குப் போகவில்லை. ஊரிலிருந்து ஃபோன் வந்து, கிடைத்த ரயிலிலோ ஃபிளைட்டிலோ ஏறி, போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்ட அனுபவம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது.

அப்புறம் முதல் உலகப்போர் வந்தது. காகிதம் தட்டுப்பாடு, பதிப்பாளர்கள் சுருண்டார்கள், ரசனையும் மாறியது. பூனைப் பொம்மைக்குக் காசு இல்லை. மூத்த தங்கை கரோலின் 1917ல் இறந்தார்.

கரோலினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். படத்தில் ஆண்ட்ரியா ரைஸ்பரோ அந்த வேடத்தில் வருகிறார். முக்கால்வாசி நேரம் கத்திக்கொண்டே இருக்கும் பாத்திரம். கலைஞனின் மென்மையான மனதைப் புரிந்துகொள்ளாத சிடுமூஞ்சி என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வீட்டில் வாடகைக் கணக்கு தெரிந்த ஒரே ஆள் அவர்தான். மளிகைக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டியதும் அவர்தான். அண்ணன் மின்சாரத்தைப் பற்றிக் கனவு காணும்போது அடுத்த வேளைச் சாப்பாட்டைப் பற்றி யாராவது கத்தத்தானே வேண்டும்? ஒவ்வொரு கலைஞன் வீட்டிலும் இப்படி ஒரு கரோலின் இருக்கிறார். வாழ்க்கை வரலாற்றுப் படங்கள் அவர்களை வில்லியாகவே காட்டிப் பழகிவிட்டன. இந்தப் படம் அந்த அளவுக்குப் போகவில்லை, அவருக்கு நியாயமாகச் சில கணங்கள் தருகிறது. ஆனாலும் போதாது.

இன்னொன்றும் கவனியுங்கள். படம் காட்டும் அந்த வீட்டில் அண்ணனைத் தவிரத் தன் உழைப்பில் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் எமிலி. அந்த ஒரே ஆளைத்தான் 'நம் குடும்பத்துக்குச் சரிப்படாதவள்' என்று ஊர் சொன்னது. கௌரவமான குடும்பத்துப் பெண்கள் வேலைக்குப் போகக்கூடாது, ஆகவே ஒரு ஆண் ஏழு வயிற்றுக்கு உழைத்துச் சாகலாம். விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் கௌரவத்துக்கு வெய்ன் குடும்பம் கொடுத்த விலை அது. பெண்கள் படித்து வேலைக்கு வந்ததால் நம் வீடுகளில் எத்தனை அண்ணன்கள் மூச்சு விட்டார்கள் என்று யாராவது எழுத வேண்டும்.

அடுத்து மனநோய் விஷயம். தங்கைகளில் ஒருவரான மேரி 1901 வாக்கில் மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டு 1913ல் அங்கேயே இறந்தார். லூயிஸுக்கும் வயதாக ஆக சந்தேகமும் கோபமும் வளர்ந்தன. வீட்டில் வன்முறையும் வந்தபோது தங்கைகளால் சமாளிக்க முடியவில்லை. 1924ல் லண்டன் டூட்டிங்கில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்ட் மனநல மருத்துவமனையில், ஏழைகளுக்கான வார்டில் சேர்த்தார்கள்.

மனநோயைப் பற்றிப் படித்தவர்கள் வெய்னின் பூனைகளை வேறு இடத்தில் பார்த்திருக்கலாம். எட்டு படங்கள் வரிசையாக. முதலில் சாதாரணமான அழகுப் பூனை. கொஞ்சம் கொஞ்சமாகக் கண் விரிந்து, மயிர் சிலிர்த்து, கடைசியில் பூனையே இல்லாமல் வெறும் வண்ணக் கோலமாக ஆகிவிடும். மனச்சிதைவு நோய் முற்ற முற்ற மூளை எப்படிச் சிதைகிறது பாருங்கள் என்று பாடப்புத்தகங்களில் போட்டார்கள். இணையத்தில் இன்றைக்கும் அது சுற்றிக்கொண்டிருக்கிறது.

அந்த வரிசை வெய்ன் போட்டது இல்லை. வால்டர் மெக்லே என்ற மனநல மருத்துவர் 1939ல் லண்டன் நாட்டிங் ஹில்லில் ஒரு பழைய சாமான் கடையில் அந்தப் படங்களை வாங்கினார். எதிலும் தேதி கிடையாது. அவரே ஒரு வரிசையில் அடுக்கி, இதுதான் நோயின் பாதை என்று சொல்லிவிட்டார். உண்மையில் வெய்ன் மருத்துவமனையில் இருந்த கடைசி வருடங்களிலும் சாதாரணப் பூனைகளை வரைந்துகொண்டுதான் இருந்தார். கோலம் போன்ற அந்த ஓவியங்களைச் சுவர்க்காகித டிசைன் மாதிரி என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்பா துணி வியாபாரி, அம்மா துணிகளுக்கும் கம்பளங்களுக்கும் வடிவம் போட்டவர் என்பதை மறந்துவிடக்கூடாது. சின்ன வயதில் வீட்டில் பார்த்த பூவும் கொடியும் வயதான காலத்தில் கைக்குத் திரும்பி வந்திருக்கலாம். டிசைன் போட்டுப் பார்க்கிறவரைப் பைத்தியம் முற்றியது என்று சொன்னால், மார்கழி மாதம் முழுக்க நம் தெருவில் இருக்கிற அத்தனை பேரையும் பிடித்துக்கொண்டு போக வேண்டியதுதான் :-)

அவருக்கு நோய் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருந்தது. வீட்டில் இருந்தவர்கள் அதை அனுபவித்தார்கள். அது ஸ்கிசோஃப்ரினியாதானா என்று பிற்கால மருத்துவர்களில் சிலர் சந்தேகப்பட்டிருக்கிறார்கள், ஆஸ்பெர்கர் என்றும் ஒருவர் எழுதினார். செத்தவருக்கு நாடி பார்க்கிற வேலை எனக்கு வேண்டாம். நான் சொல்வது, ஓவியத்தை ஸ்கேன் ரிப்போர்ட்டாகப் படிக்கக்கூடாது என்பது. இந்தப் படமும் அந்த இடத்தில் கொஞ்சம் சறுக்குகிறது. மனம் கலங்கும் கட்டத்தில் திரையையே கலைடாஸ்கோப் மாதிரி சிதறடிக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் மெக்லே போட்ட அதே கோட்டில்தான் அதுவும் போகிறது.

இதில் எனக்கு என்ன இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். எங்கள் குடும்பத்தில் ஒரு சித்தப்பா இருந்தார். கைக்குக் கிடைத்த ரேடியோவை எல்லாம் பிரித்துப் போட்டுத் திரும்பச் சேர்ப்பார். நோட்டு நோட்டாகப் படம் வரைவார். கல்யாணம் இல்லை. உறவில் எல்லோரும் 'அவன் ஒரு மாதிரி' என்பார்கள். அந்த ஒற்றை வார்த்தைக்குள் அவருடைய திறமையும் போனது, நோயும் போனது. திறமைக்கு ஒரு வேலை தேடிக் கொடுக்கவில்லை, ஏனென்றால் அவன் ஒரு மாதிரி. ராத்திரி தூங்காமல் சுவரோடு பேச ஆரம்பித்தபோது டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை, ஏனென்றால் அவன் எப்போதுமே ஒரு மாதிரிதான். ஊரில் தெரிந்தால் அடுத்து வீட்டுப் பெண்களுக்கு வரன் வராது என்ற பயமும் சேர்ந்துகொண்டது. கோணல் வேறு, நோய் வேறு. கோணலை ரசிக்க வேண்டும், நோய்க்கு மருந்து கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் இரண்டும் கெட்டுப்போகும்.

வெளியூரில் இருக்கும் குடும்பங்களுக்கு இது இன்னும் கஷ்டம். பெரியவர்கள் பக்கத்தில் இல்லை, பேச்சு மொழி வேறு, அடுக்குமாடியில் எதிர் வீட்டுக்காரருக்கு நம் பெயர்கூடத் தெரியாது. வீட்டில் ஒருவர் மெல்ல மாறுகிறார் என்பதை வெளியாள் யாரும் கவனித்துச் சொல்லப்போவதில்லை. நாம்தான் கவனிக்க வேண்டும். மனசில் இருப்பதைச் சொந்த மொழியில் சொல்ல முடிந்த டாக்டரைக் கண்டுபிடிப்பது ஒரு பெரிய வேலை, ஆனால் அவசியமான வேலை. இப்போது ஃபோனிலேயே தமிழ் பேசும் மனநல மருத்துவரிடம் பேச முடிகிறது.

கதைக்கு வருகிறேன். 1925ல் டான் ரைடர் என்பவர் மருத்துவமனையைப் பார்வையிடப் போனபோது, மூலையில் அமைதியாகப் பூனை வரைந்துகொண்டிருந்தவரைப் பார்த்து, அட, இது லூயிஸ் வெய்ன் மாதிரியே இருக்கிறதே என்றாராம். நான்தான் லூயிஸ் வெய்ன் என்று பதில் வந்ததாம். (படத்தில் ரைடரை முன்பே ஒரு ரயிலில் சந்தித்ததாக வைத்திருக்கிறார்கள். நல்ல சினிமா.) உடனே நிதி திரட்டினார்கள். எச்.ஜி.வெல்ஸ் வானொலியில் வேண்டுகோள் விடுத்தார், வெய்ன் தனக்கென்று ஒரு பூனை உலகத்தையே படைத்தவர் என்று புகழ்ந்தார். படத்தில் வெல்ஸாக வருவது பாடகர் நிக் கேவ். பெரிய பெரிய ஆட்கள் தலையிட்டு, நல்ல வசதியுள்ள பெத்லம் மருத்துவமனைக்கும், பிறகு 1930ல் செயின்ட் ஆல்பன்ஸ் பக்கத்தில் நாப்ஸ்பரி மருத்துவமனைக்கும் மாற்றினார்கள். அங்கே தோட்டம் இருந்தது, பூனைகளும் இருந்தன. 1939 ஜூலையில் இறக்கும்வரை அங்கேதான்.

எல்லோரும் இதை மனதைத் தொடும் முடிவு என்கிறார்கள். எனக்கும் தொண்டை அடைத்தது, மறைக்கவில்லை. ஆனால் யோசித்தால் கோபமும் வருகிறது. அந்த நிதிக்குக் காசு போட்ட ஜனங்கள் எல்லோரும் அவருடைய தபால் அட்டையை ஏற்கனவே காசு கொடுத்து வாங்கியவர்கள்தான். அப்போதே அதில் கால் பங்கு அவருக்குப் போயிருந்தால் இந்த உண்டியல் எதற்கு? உரிமையாக வந்திருக்க வேண்டிய பணம் கடைசியில் தர்மமாக வந்தது. அவர் போன பிறகு ஏலக்கூடங்களில் அந்தப் பூனைகளுக்கு நல்ல விலை போனது. அதில் குடும்பத்துக்கு என்ன?

ஆகவே வரைகிற, எழுதுகிற, பாடுகிற, ஃபோட்டோ எடுக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்தப் படத்தைக் காட்டுங்கள். படம் முடிந்ததும் கொஞ்சம் பேசுங்கள். போட்டிக்கு வரைந்து அனுப்பும் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது, 'சமர்ப்பிக்கும் படைப்புகள் அனைத்தும் எங்களுக்கே சொந்தம்' என்பதற்கு என்ன அர்த்தம், இதெல்லாம் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும். கற்பனையையும் கணக்கையும் ஒரே ஆளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். ஒன்று இருந்தால் இன்னொன்று வராது என்பது, கலைஞர்களைக் குறைந்த விலைக்கு வாங்குகிறவர்கள் கிளப்பிவிட்ட கதை.

கணவனோ மனைவியோ ஒருவர் மட்டும் சம்பாதிக்கிற வீடாக இருந்தால் இன்னொரு பேச்சும் பேசுங்கள். அந்த ஒரு கை நின்றுபோனால் என்ன செய்வது என்று. அபசகுனம் என்று தள்ளிப்போடாதீர்கள். வெய்ன் வீட்டில் அந்தப் பேச்சு நடந்திருந்தால் அந்த ஐந்து தங்கைகளின் கதையும் வேறு மாதிரி இருந்திருக்கும்.

படம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மரணம், மனநோய் எல்லாம் வருவதால் ரொம்பச் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், பன்னிரண்டு வயதுக்கு மேல் சரி. பிரிட்டிஷ் உச்சரிப்பு வேகமாகப் போகும், சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். பூனையே பிடிக்காதவர்களும் பார்க்கலாம். ஏற்கனவே பார்த்தவர்கள், கரோலின் விஷயத்தில் நான் சொல்வது சரியா, இல்லை ரொம்ப இடம் கொடுக்கிறேனா என்று சொல்லுங்கள். வீட்டில் இதைப் பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை.